கணுக்கால் காயம்: சதவீதத்தை விடுங்கள், காரணத்தைப் பிடியுங்கள்

கேள்வி: என் கணவர் 1997-ல் தரைப்படையில் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, 24 வருஷ சர்வீஸ் முடித்து 2021 ஜூலையில் ஹவில்தாராக ஊர் வந்தார். 2009-ல் ஜான்சி பக்கம் இருந்தபோது, பி.பி.இ.டி. என்ற உடல்திறன் டெஸ்ட்டில் பள்ளம் தாண்டுகையில் விழுந்து வலது கரண்டைக்கால் முறிந்தது. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். அதன்பிறகு கடைசி வரைக்கும் லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவுதான். ஓய்வு பெறும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் (மருத்துவக் குழுவில்) "வலது கணுக்கால் மூட்டுத் தேய்மானம், 20 சதவீதம், ஆயுள் முழுவதும்" என்று போட்டுவிட்டு, "சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை, பீஸ் ஸ்டேஷனில் (போர்ச்சூழல் இல்லாத இடத்தில்) தொடங்கியது" என்று எழுதிவிட்டார்கள். சர்வீஸ் பென்ஷன் வருகிறது, ஊனத்துக்கான தொகை வரவில்லை. முதல் அப்பீல் 2023-ல் தள்ளுபடி. இரண்டாவது அப்பீலுக்கு ஆறு மாதம்தான் அவகாசம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரர் ஒருவர், "40 சதவீதம் கேளுங்கள், இடது முழங்கால் வலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இவரோ, "காலைக் காட்டிக் காசு கேட்கிற நிலைமை எனக்கு வேண்டாம்" என்கிறார். இனிமேலும் வழி இருக்கிறதா ஐயா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தோடு வந்த போர்டு நகலையும் தள்ளுபடிக் கடிதத்தையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் சொந்தக்காரர் சொன்னபடி மட்டும் செய்துவிடாதீர்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அதன்படி போனால் கையில் இருப்பதும் போய்விடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். சர்வீஸ் காலத்தை முழுதாக முடித்து வருகிற ஒருவருக்கு ஊன ஓய்வூதியம், அதாவது டிசெபிலிட்டி எலிமென்ட், கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஊனம் சர்வீஸால் வந்ததாகவோ சர்வீஸால் கூடியதாகவோ இருக்க வேண்டும். அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை உங்கள் கணவர் விஷயத்தில் ஏற்கெனவே நிறைவேறியாயிற்று. போர்டே 20 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது, அதுவும் ஆயுள் முழுவதுக்கும். என்னிடம் வரும் கணுக்கால் வழக்குகளில் இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. "15-19 சதவீதம்" என்று எழுதப்பட்ட தாளோடு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் முடித்து வந்தவருக்கு 20-க்குக் கீழே இருந்தால் இந்தத் தொகை கிடையாது என்று விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோய், காயம் காரணமாகப் பாதியிலேயே சர்வீஸிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் 2014-ல் வந்த சுக்விந்தர் சிங் தீர்ப்பு கை கொடுக்கும். சர்வீஸிலிருந்தே அனுப்பும் அளவுக்கு ஊனம் இருந்தால் அதை 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் கணவர் அந்த வகையில் வர மாட்டார்.

இப்போது சதவீதம் போதாது என்று நீங்களே கேட்டால், மறுபடி ஒரு மெடிக்கல் போர்டு முன்னால் அவரை நிற்க வைப்பார்கள். அந்த போர்டு கூட்டியும் போடலாம், 15-19 என்று குறைத்தும் போடலாம். குறைத்தால் கதை அத்தோடு முடிந்தது.

சரி, கூட்டினால் லாபமா என்றால் அதுவும் இல்லை. 20 முதல் 49 வரை எந்தச் சதவீதமாக இருந்தாலும் கணக்கில் அது 50 ஆகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. இதை 'ரவுண்டிங் ஆஃப்' என்றும் 'பிராட் பேண்டிங்' என்றும் சொல்வார்கள். 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் வந்த ஏற்பாடு இது. பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அரசு பிடிவாதமாக இருந்தது. சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆக, 20 என்றாலும் 50, 40 என்றாலும் 50. இல்லாத லாபத்துக்காக இருக்கிற 20-ஐப் பணயம் வைக்க வேண்டாம்.

பணக் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். முழு ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். எடுத்துக்காட்டாக, கடைசி அடிப்படைச் சம்பளம் ரூ.40,400, மிலிட்டரி சர்வீஸ் பே ரூ.5,200, மொத்தம் ரூ.45,600 என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் ரூ.13,680. வெறும் 20 சதவீதத்துக்கு மாதம் ரூ.2,736தான் வரும். 50 ஆக உயர்த்தினால் ரூ.6,840, அதற்கு மேல் அகவிலை நிவாரணம். இந்த உயர்வை மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு, ஜெயித்த பிறகும் 20-க்கான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் உங்கள் சண்டை முழுக்க முதல் நிபந்தனையில்தான்: இந்தக் கால் எதனால் இப்படி ஆனது?

போர்டு செய்த வேலையைக் கவனியுங்கள். 2009-ல் எலும்பு முறிந்தது. 2021-ல் அதே மூட்டுக்குத் 'தேய்மானம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறியதும் காயம் நோயாகிவிட்டது. நோயாகிவிட்டதால் பீஸ் ஸ்டேஷனா, ஃபீல்டா என்ற கேள்வியை இழுத்துவந்து, பீஸ் ஸ்டேஷன் என்ற ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள். காயத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. உங்கள் கணவருக்குப் பொருந்துவது 2008-ம் ஆண்டு என்டைட்டில்மென்ட் விதிகள், அதாவது ஊன ஓய்வூதியத்துக்கு யாருக்கு உரிமை என்று சொல்லும் விதிகள். டியூட்டியில் இருக்கும்போது ஏற்பட்ட காயம், அதற்கும் ராணுவ சர்வீஸுக்கும் தொடர்பு இருந்தால், சர்வீஸால் வந்ததாகவே கொள்ளப்படும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. பி.பி.இ.டி. என்பது விருப்பப்பட்டுப் போகும் விளையாட்டு இல்லை. ஆயுதமும் பேக்கும் சுமந்து 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். உத்தரவுப்படி எல்லோரும் செய்தாக வேண்டிய டெஸ்ட். அந்தப் பள்ளத்தில் விழுந்து உடைந்த கால் டியூட்டியில் உடைந்த கால்தான். அது ஜான்சியில் நடந்தால் என்ன, சியாச்சினில் நடந்தால் என்ன?

(இதே முறிவு லீவில் ஊருக்கு வந்து மோட்டார் சைக்கிளில் போகும்போது நடந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். லீவில் நடந்த சாலை விபத்துக்கு சர்வீஸோடு தொடர்பு இல்லை என்று 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யூனிட் ஏற்பாடு செய்த வாலிபாலில் உடைந்திருந்தால் அது டியூட்டி. இதே போன்ற காயத்தோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

இனி, முறிவையும் தேய்மானத்தையும் எப்படி இணைப்பது? இங்கே மருத்துவம் நம் பக்கம் இருக்கிறது. முழங்காலிலும் இடுப்பிலும் வயதானால் மூட்டு தேய்வது சாதாரணம். கணுக்கால் அப்படி இல்லை. அங்கே வரும் தேய்மானத்தில் பெரும்பாலானது பழைய முறிவின், அல்லது திரும்பத் திரும்ப வந்த சுளுக்கின் பின்விளைவு. எலும்பு கூடிவிட்டாலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பின் பரப்பு பழைய வழவழப்புக்கு வருவதில்லை. கணுக்காலின் நடு எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே, எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எலும்பு மருத்துவர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் ஆய்வு அது. உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் குறைந்த பரப்பில் இறங்கினால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மூட்டு தேயாமல் என்ன செய்யும்?

எனவே ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மூலமாகவே போகலாம், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டு கணுக்காலையும் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். 'இரண்டும்', 'நின்றபடி' என்ற இரண்டு வார்த்தைகளையும் நீங்களே ஞாபகப்படுத்துங்கள், வலிக்கிற காலை மட்டும் படுக்க வைத்து எடுத்து அனுப்பிவிடுவார்கள். வயதால் வந்த தேய்மானம் என்றால் இடது கணுக்காலும் தேய்ந்திருக்க வேண்டும். அது நன்றாக இருந்து, பிளேட் வைத்த கால் மட்டும் தேய்ந்திருந்தால், அந்த ஒரு படமே பாதி வாதத்தைச் செய்துவிடும். பாதத்தை மேலே மடக்குவது சுமார் 20 டிகிரி, கீழே நீட்டுவது சுமார் 45 டிகிரி என்பது இயல்பான அளவு. இரண்டு காலிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். முழுதாகக் குத்தவைத்து உட்கார முடிகிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள், பாதம் மேலே மடங்காவிட்டால் அது முடியாது. கடைசியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "இந்தத் தேய்மானம் 2009-ல் ஏற்பட்ட முறிவின் பின்விளைவு" என்று, காரணத்தோடு. காரணம் எழுதாத சான்றிதழ் எவ்வளவு பெரிய டாக்டருடையதாக இருந்தாலும் அப்பீலில் எடுபடாது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு முன்னாள் நாயக் என்னைப் பார்க்க வந்தார். அவருக்கும் கணுக்கால்தான். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் கழற்றிவிட்ட அவருடைய செருப்பை எதேச்சையாகக் கவனித்தேன். இடது செருப்பு ஏறக்குறையப் புதிது மாதிரி இருந்தது. வலது செருப்பின் குதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து, அடிவார் தெரிந்தது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. நான் கேட்ட பிறகுதான் அவர் மனைவி சொன்னார்: மாடிப்படியில் இவர் நேராக இறங்குவதில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவார், பந்தியில் கீழே உட்கார மாட்டார், சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் பட்டி பதிந்த தடம் ராத்திரி வரை போகாது. இவ்வளவும் அந்த மனிதர் எனக்கோ போர்டுக்கோ சொன்னதே இல்லை. "கொஞ்சம் வலி இருக்கும் சார்" என்பதோடு சரி. உங்கள் கணவரும் அதே ரகம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் எழுதிவையுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள்.

அடுத்தது காகிதம். தள்ளுபடிக் கடிதத்தில் "காயம் பற்றிய அறிக்கை ஆவணத்தில் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. யூனிட்டில் அடிபட்டால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற படிவத்தில் இஞ்சுரி ரிப்போர்ட் போடுவார்கள். எப்படி அடிபட்டது, டியூட்டியில் இருந்தாரா என்பதைக் கமாண்டிங் ஆபீசர் எழுதிக் கையெழுத்திடும் தாள் அது. யூனிட் இடம் மாறும்போது இந்தத் தாள்கள் தொலைவது உண்டு. தொலைந்தால் வழக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2009-ல் ஆஸ்பத்திரியில் சேர்த்த தாள், டிஸ்சார்ஜ் ஸ்லிப், யூனிட் வெளியிட்ட பார்ட்-2 ஆர்டர் (வீரரைப் பற்றிய விவரங்களைப் பதியும் உத்தரவு), ஒவ்வொரு முறை கேட்டகரி போர்டு நடந்தபோதும் எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 படிவம், இவற்றில் எதிலாவது "பி.பி.இ.டி. செய்யும்போது விழுந்து" என்ற மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கும். பன்னிரண்டு வருஷம் கேட்டகரியில் இருந்தவருக்கு எத்தனை போர்டு நடந்திருக்கும்! அதில் ஒன்றில்கூடக் காரணம் எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் அவருடைய ரெக்கார்டு ஆபீஸிலிருந்து (படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திலிருந்து) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ராணுவ நம்பர், ரேங்க், பெயர் போட்டு, "என்னுடைய மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்று கூட ஓடியவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால், பார்த்ததை எழுதி ஒரு உறுதிமொழிப் பத்திரமாக வாங்கிவையுங்கள். பிரதான ஆதாரம் ஆகாவிட்டாலும் துணைக்கு நிற்கும்.

ரிலீஸ் போர்டு படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ல் அவர் தன் கையால் தரும் வாக்குமூலப் பகுதி ஒன்று உண்டு. ஊனத்துக்குக் காரணமான சம்பவம் என்ன, காயம் என்றால் எப்படி நடந்தது, இஞ்சுரி ரிப்போர்ட் போடப்பட்டதா என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். கிளார்க் 'நில்' (Nil, எதுவும் இல்லை) என்று நிரப்பி, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது வழக்கம். நீங்கள் அனுப்பிய நகலில் அந்தப் பக்கம் இல்லை. அதில் 'நில்' என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி ஆவணம் அதைவிடக் கனமானது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு மனுவில் விளக்கம் சொல்லிவிட வேண்டும், எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

நிரூபிக்கும் பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாக, உரிமையை நிரூபி என்று வீரரிடம் கேட்கக் கூடாது என்பதுதான் விதி. 2008 விதிகளில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஓய்வு பெற்று 15 வருஷம் கடந்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கேட்டால் பாரம் அவர் தலையில் விழும். நீங்கள் அந்த எல்லைக்கு வெகு முன்னாலேயே இருக்கிறீர்கள். சேரும்போது நல்ல உடம்போடு எடுக்கப்பட்டவர் என்றே கொள்ள வேண்டும் என்பதும், காரணம் எழுதாமல் மெடிக்கல் போர்டு மறுக்க முடியாது என்பதும் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியவை. அது முந்தைய 1982 விதிகளை வைத்து வந்த தீர்ப்பு. அதனால் அதை மட்டுமே நம்பி மனுவை எழுதும் வக்கீலிடம், 2008 விதிகளில் காயம் பற்றிய பகுதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தாமதத்துக்கு வருவோம். இரண்டாவது அப்பீலை இப்போதே போடுங்கள். தெரியாமல் தவறிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கேளுங்கள். ஒப்புகை வரும் தபாலில் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக அனுப்புங்கள். தள்ளுபடி ஆனாலும், ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும், சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளைக்குப் போகலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீதிமன்றம் அது. வக்கீல் வைத்தும் போகலாம், அவரே நேரிலும் வாதாடலாம். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதத்துக்காக மட்டும் வழக்கைத் தள்ளுவது அபூர்வம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 2008-ல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி, நிலுவைத் தொகை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். மேலே போட்ட கணக்கில் அது ரூ.2,46,240, அகவிலை நிவாரணம் தனி. இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னாலிருந்து ஒரு மாதப் பணம் கரைந்துகொண்டே வரும்.

இடது முழங்காலை இந்த மனுவில் சேர்க்காதீர்கள். ரிலீஸ் போர்டில் அது இல்லை. சேர்த்தால் "பார், எல்லா மூட்டும் வயதால் தேய்கிறது" என்று சொல்ல நாமே வழி செய்துகொடுத்த மாதிரி ஆகும். வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கமிஷன் என்று வரும் தரகர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். மனு எழுத உதவி தேவைப்பட்டால் தேனியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஹவில்தார் ஐயா, ஓய்வூதியம் என்பது அரசு இரக்கப்பட்டுக் கொடுக்கும் தர்மம் அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது ஊன ஓய்வூதியத்துக்கும் பொருந்தும். உங்களை ஓடச் சொன்னார்கள், ஓடினீர்கள். தாண்டச் சொன்னார்கள், தாண்டினீர்கள். அந்தப் பள்ளத்தில் என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவது மட்டும்தான் இப்போது உங்கள் வேலை. இதில் தலைகுனிய ஒன்றுமில்லை.

சகோதரி, முதலில் அந்த ஆர்.டி.ஐ. மனுவை அனுப்புங்கள். பதில் வந்ததும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ன் வாக்குமூலப் பக்கத்தையும் 2009 டிசம்பருக்குள் நடந்த முதல் கேட்டகரி போர்டின் தாளையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பினால், இரண்டாவது அப்பீலில் எந்த வரியை எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.